மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் கன்றுக்கு ஊற்றலாமா? குடல் கிருமிகளும் மருந்து எதிர்ப்பும்

கறவைக்காரன்

வணக்கம். கறவை மாடு வைத்திருக்கிறேன். மடிநோய்க்கு மருந்து ஏற்றினால் நிறுத்தக்காலம் (மருந்துக்குப் பின் பாலை விற்கக் கூடாத நாட்கள்) முடியும்வரை அந்தப் பாலை விற்பனைக்கு அனுப்புவதில்லை. ஆனால் அத்தனை பாலையும் கீழே கொட்ட மனம் வருவதில்லை. கன்றுகளுக்கு ஊற்றிவிடுவோம். எனக்குத் தெரிந்த பண்ணைகளில் எல்லாம் இதுதான் வழக்கம்.

கழிச்சல் கண்ட கன்றைப் பார்க்க வந்த டாக்டர், "முதலில் இந்தப் பாலை நிறுத்துங்கள், கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். விளக்கமாகக் கேட்க முடியவில்லை. கன்றுக்கு இதனால் என்ன ஆகும்? அது வளர்ந்து கறவைக்கு வரும்போது அதன் பாலில் அந்தக் கிருமி இருக்குமா? மனிதர்களுக்கு இது எந்த வழியாக வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்_தோழி

உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் எச்சம் வேறு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியா வேறு. நிறுத்தக்காலம் எச்சத்துக்காக வைத்தது. பாலில் மருந்து அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கியதும் அது முடிந்துவிடும். அந்த மருந்து மாட்டின் குடலில் எந்தக் கிருமியைக் கொன்றது, எதை விட்டுவைத்தது என்பது அந்தக் கணக்கில் வராது. பால் விற்பனைக்குத் தகுதியான பிறகும் சாணத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா வெளியேறிக்கொண்டே இருக்கலாம். நாம் பாலை மட்டும் பார்த்துவிட்டுச் சாணத்தை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய கவலை.

இப்போது கன்றுக்கு வருகிறேன். பிறந்த கன்றின் குடலில் கிருமிகள் மிகக் குறைவு. முதல் சில நாட்களிலேயே ஈ.கோலி போன்றவை வேகமாகக் குடியேறிவிடும். கன்று தீவனம் தின்னத் தொடங்கி, அசைபோடும் வயிறு வளர்ந்த பிறகுதான் வேறு இனங்கள் பெருகி இவற்றின் பங்கு குறையும். அந்த முதல் வாரங்களில் நீங்கள் ஊற்றும் பாலில் இருக்கும் மருந்து எந்த நோயையும் குணமாக்கப் போதாது. ஆனால் அடங்கும் கிருமிகளைப் பின்தள்ளி, அடங்காதவற்றுக்கு இடம் விட அது போதும். கிருமியைக் கொல்லாத அளவுக்குச் சிறிய செறிவிலும் இந்தத் தேர்வு நடக்கிறது என்பது ஆய்வகங்களில் உறுதியான விஷயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் இதே கேள்வியை ஆராய்ந்து, சிகிச்சைக் காலத்துப் பாலைக் குடிக்கும் கன்றுகளின் சாணத்தில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா கூடுகிறது என்று சொன்னது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தே படாத கன்றுகளின் சாணத்திலும் பெரிய மாடுகளைவிட அடங்காத ஈ.கோலி அதிகமாக இருக்கும். வயது ஏற ஏறக் குறையும். அதனால் இந்தப் பாலை நிறுத்தியதும் எல்லாம் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூடிக்கொண்டே போவதைத் தடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம்.

ஆய்வகத்தில் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்டால்: கன்றின் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, அதிலிருந்து ஈ.கோலியைப் பிரித்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பரப்புவோம். மேலே மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை வைத்து இரவு முழுக்கச் சூட்டுப்பெட்டியில் விடுவோம். மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால் காலையில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். அடங்காதது வில்லையின் விளிம்புவரை வெளுப்பாக மண்டிக் கிடக்கும். செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் வில்லைக்கு அருகே, அந்த வகை நொதிகளைத் தடுக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த வில்லையை வைத்தால், சில தட்டுகளில் அந்த இரண்டுக்கும் இடையே மட்டும் தெளிவு நீண்டு சாவித்துளை வடிவத்தில் விரியும். அதைப் பார்த்தால் ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும் கிருமி என்று தெரிந்துவிடும். செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் என்ற உயர்ந்த ஆன்டிபயாடிக்குகளையே உடைத்துப்போடும் நொதி அது.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி. குடலில் இருப்பது பாலுக்குள் நேராக வராது. கறக்கும்போது காம்பில் ஒட்டிய சாணம், ஈரக் கை, கழுவாத கருவி வழியாகத்தான் பாலில் சேரும்.

கறவைக்காரன்

நன்றி தோழி. அப்படியென்றால் அந்தப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

கால்நடை_டாக்டர்

பாதிதான் சரியாகும். 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் பாலில் உள்ள நோய்க்கிருமிகள் செத்துவிடும். அதற்காகவே அதைச் செய்யலாம். ஆனால் நாம் பேசும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் அவ்வளவாகச் சிதையாது. கன்றுக்குள் போவது கிருமி நீங்கிய, மருந்து நீங்காத பால்.

விற்க முடியாத பால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றாதீர்கள். கன்று ஈன்ற முதல் நாட்களின் பால், மருந்து ஏற்றாத மாட்டினுடையது என்றால், அது கன்றுக்கு அருமையான உணவு. மருந்து ஏற்றிய மாட்டின் பாலைத் தனி வாளியில் கறந்து ஒதுக்குங்கள். அதைக் கன்றுக்கும் ஊற்ற வேண்டாம், வேறு எந்தக் கால்நடைக்கும் ஊற்ற வேண்டாம்.

சிலர் கிடேரிக்குக் கொடுப்பதில்லை, காளைக் கன்றுக்குத்தானே என்பார்கள். அந்தக் காளைக் கன்றுதான் சில நாட்களில் கைமாறி வேறு பண்ணைக்குப் போகிறது. அமெரிக்காவில் 2015 முதல் 2017 வரை பல மாநிலங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு, பல மருந்துகளுக்கு அடங்காத சால்மோனெல்லா ஹைடல்பெர்க் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று வந்தது. விசாரித்துப் பார்த்ததில் பால்பண்ணைகளிலிருந்து வாங்கிய காளைக் கன்றுகளோடு பழகியவர்கள் பலர். நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கன்றுக்குப் பால் புகட்டுவதும் தடவிக்கொடுப்பதும் குழந்தைகளுக்குப் பிடித்த வேலை.

அப்புறம் அந்தக் கழிச்சல். பிறந்து சில வாரங்களுக்குள் வரும் கழிச்சலில் பெரும்பகுதி ரோட்டா வைரஸ், மாடுகளுக்கு வரும் கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இவற்றால் வருவது. ஆன்டிபயாடிக்கால் இவற்றை ஒன்றும் செய்ய முடியாது. கன்றைக் காப்பாற்றுவது உப்புச்சத்துக் கரைசல்தான். காய்ச்சல், சாணத்தில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு இருந்தால் மட்டும் ஆன்டிபயாடிக் பற்றி யோசிக்கலாம். பிறந்த சில மணி நேரத்துக்குள் போதுமான சீம்பால் உள்ளே போய்விட்டால் இந்தப் பிரச்சினையில் பாதி வராமலே போகும். கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம்_கேட்பவன்

எல்லோரும் மாட்டுக்காரர் தலையில் பழியைத் தூக்கிப் போடுவதால் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் விழுங்கும் மனிதர்களை விட்டுவிட்டு மாட்டைக் குறை சொல்வது நியாயமா?

ஸ்காட்லாந்தில், பல மருந்துகளுக்கு அடங்காத சால்மோனெல்லா டிடி104 வகையின் மரபணு வரிசையைப் படித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கால்நடைகளிலும் மனிதர்களிலும் இருந்த கிருமிகள் பெரும்பாலும் தனித்தனியாகவே சுற்றிக்கொண்டிருந்தன. கிழக்கு இங்கிலாந்தில் ஈ.கோலியை வைத்து 2019இல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. நோயாளிகளின் ரத்தத்தில் இருந்தவையும் பண்ணையில் இருந்தவையும் வேறு வேறு வழித்தோன்றல்கள். நெதர்லாந்தில் அதே ஆண்டு கணக்குப் போட்டவர்கள், ஊர்மக்கள் குடலில் இருக்கும் ஈஎஸ்பிஎல் ஈ.கோலி பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது என்றார்கள். இதற்கு என்ன பதில்?

வார்டு_டாக்டர்

நீங்கள் சொன்ன மூன்று ஆய்வுகளும் உண்மையே. மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் நடக்கும் வீண்பயன்பாடுதான் முதல் குற்றவாளி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சக மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

ஆனாலும் பண்ணையை விட்டுவிட முடியாது. சாதாரணச் சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்ணுக்கு வளர்ப்புச் சோதனை முடிவு ஈஎஸ்பிஎல் ஈ.கோலி என்று வந்தால், வாய்வழி கொடுக்க நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் என்று சில மருந்துகளே மிஞ்சும். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டால், கடைசிக் கட்டத்துக்கு என்று வைத்திருக்கும் கார்பாபெனெம் ஊசிக்குப் போக வேண்டியிருக்கும். அதைக் கூடுதலாகப் பயன்படுத்தப் பயன்படுத்த அதற்கும் அடங்காத கிருமி பெருகும். 2019இல் மட்டும் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு. இந்த நிலையில் கிருமி வரும் எந்தச் சிறிய வழியையும் அடைப்பதுதான் முறை.

சராசரிக் கணக்கில் சிறிதாகத் தெரிவது, தொழுவத்தில் வேலை செய்பவருக்குச் சிறிதல்ல. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி 1976இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கோழித் தீவனத்தில் டெட்ராசைக்ளின் கலந்தார்கள். ஒரு வாரத்துக்குள் கோழிகளின் குடலில் அடங்காத கிருமி மேலோங்கியது. சில மாதங்களில் அந்தப் பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அவை பெருகின. அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிடவில்லை. பக்கத்து வீடுகளில் அப்படி நடக்கவில்லை.

ஆய்வகத்_தோழி

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிருமியின் வழித்தோன்றலை மட்டும் ஒப்பிட்டால் கதை முடிந்துவிடாது. எதிர்ப்பு மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற வளையத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஈ.கோலி அதைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஈ.கோலிக்கு, சில நேரம் சால்மோனெல்லாவுக்கும், பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். மாட்டில் இருந்த கிருமி மனிதக் குடலில் சில நாள் தங்கிவிட்டு மறைந்துபோகலாம். அதற்குள் வளையம் கைமாறியிருந்தால் போதும். கிழக்கு இங்கிலாந்து ஆய்வு இந்த வளையங்களையும் பார்த்தது, பகிர்வு குறைவு என்றே சொன்னது, அதை ஏற்கிறேன். ஆனால் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினில் நடந்தது வேறு. அந்த மருந்தை முறிக்கும் எம்சிஆர்-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் பன்றிகளிலும் இறைச்சியிலும் மனிதர்களிலும் கண்டு வெளியிட்டார்கள். பிறகு தேடத் தேட உலகின் பல பக்கங்களிலும் அது கிடைத்தது. சீனா 2017இல் கோலிஸ்டினை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது.

ஒரு மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பும் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு டென்மார்க் அனுபவம் உதவும். மனிதருக்குக் கொடுக்கும் வாங்கோமைசினின் உறவு மருந்தான அவோபார்சினைத் தீவனத்தில் கலப்பதற்கு 1995இல் தடை போட்டார்கள். கோழிகளில் வாங்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா நன்றாகக் குறைந்தது. பன்றிகளில் அசையவே இல்லை. பார்த்தால், அதே பிளாஸ்மிடில் டைலோசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் வகைக்கான எதிர்ப்பு மரபணுவும் இருந்தது, பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. 1998இல் அதையும் குறைத்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. கறவை மாட்டிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். நீங்கள் போடும் பழைய, சாதாரண மருந்துகூட அதே வளையத்தில் இருக்கும் ஈஎஸ்பிஎல் மரபணுவைப் பாதுகாத்துக் கொடுக்கலாம்.

சந்தேகம்_கேட்பவன்

டென்மார்க் விஷயம் எனக்குப் புதிது. நல்ல தகவல். ஒன்று மட்டும் கேட்கிறேன்: கறவை மாட்டுக்கு எதற்கு மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்? அவ்வளவு உயர்ந்த மருந்து இல்லாமல் மடிநோய் குணமாகாதா?

கால்நடை_டாக்டர்

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பெரும்பாலான நேரம் குணமாகும். பிறகு ஏன் போடுகிறார்கள்? பல நாடுகளில், இந்த வகையைச் சேர்ந்த செஃப்டியோஃபர் ஊசிக்குப் பால் நிறுத்தக்காலமே கிடையாது. ஊசி போட்ட அன்றே பாலை விற்கலாம். பென்சிலின் போட்டால் சில நாள் பாலை ஒதுக்க வேண்டும். எந்த விவசாயியும் எதைக் கேட்பார்? பாலில் எச்சம் இல்லாமல் இருக்க வகுத்த விதி, மனித மருத்துவத்துக்கு மிக வேண்டிய மருந்தின் பக்கம் விவசாயியைத் தள்ளுகிறது. அவர் மேல் கோபப்பட எனக்கு மனமில்லை, விதியை வகுத்தவர்கள் மேல்தான் கோபம். அந்த மருந்து பாலில் இல்லை என்றாலும் குடலில் வேலை செய்கிறது. மாடு பேசாமல் நின்று சாணம் போடுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்களை மனிதருக்கு மிக உயர்ந்த முன்னுரிமை உள்ள மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அமெரிக்கா 2012இல் கால்நடைகளில் இவற்றின் சில பயன்பாடுகளுக்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி 28 முதல், நோய் வராத மந்தைக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுப்பதே கூடாது. நெதர்லாந்து 2009க்குப் பிறகு கால்நடை ஆன்டிபயாடிக் விற்பனையை ஏறத்தாழ 70 சதவீதம் குறைத்துவிட்டது. பண்ணைவாரியாகப் பதிவு எடுத்து, அதிகம் பயன்படுத்துபவரையும் அதிகம் எழுதிக்கொடுக்கும் மருத்துவரையும் அடையாளம் கண்டார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பகுதி. எங்களையும் கணக்கில் கொண்டுவந்தார்கள்.

சின்னவளின்_அம்மா

படித்துக்கொண்டே வந்தேன், கொஞ்சம் பயமாகிவிட்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா? பண்ணைக்கு அழைத்துப் போகலாமா? எளிமையாகச் சொல்லுங்கள்.

வார்டு_டாக்டர்

பால் கொடுங்கள் அம்மா, பயம் வேண்டாம். காய்ச்சிய பாலிலும் முறையாகப் பதப்படுத்திய பாலிலும் ஈ.கோலியும் சால்மோனெல்லாவும் உயிரோடு இருக்காது. மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்கு அடங்கிவிடும். மருந்தை எதிர்க்கும் திறன் வேறு, சூட்டைத் தாங்கும் திறன் வேறு. ஆகாதது பச்சைப்பால்தான். அது கிராமத்தில் கறந்ததாக இருந்தாலும், எவ்வளவு நம்பிக்கையான ஆள் கொடுத்தாலும், குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் வேண்டாம்.

பண்ணைக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். கன்றைத் தொட்ட கையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் சோப்பும் ஓடும் தண்ணீரும். அங்கே போட்ட செருப்பை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கழிச்சல் உள்ள கன்றின் பக்கம் மட்டும் குழந்தையை விடாதீர்கள்.

கொட்டில்_மேலாளர்

பேச்சு கன்றிலேயே நிற்கிறது. பெரிய பண்ணைகளில் மருந்து மொத்தமாகப் போகும் நேரம், அடுத்த கன்று ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்திப் பால் வற்றவிடும் நேரம். அந்த நேரத்தில் எல்லா மாட்டுக்கும் நான்கு காம்பிலும் ஆன்டிபயாடிக் குழாய் ஏற்றுவது பல பத்தாண்டுப் பழக்கம். நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதே இல்லை. நாங்கள் இப்போது பார்த்துப் போடுகிறோம்.

முறை இதுதான். மாட்டின் பாலில் உடல்செல் எண்ணிக்கை (மடியில் தொற்று இருந்தால் கூடும் செல்களின் அளவு) கடைசிச் சோதனைகளில் மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்குக் கீழே, அந்த ஈற்றில் மடிநோயும் வரவில்லை என்றால் ஆன்டிபயாடிக் இல்லை. காம்பை அடைக்கும் பிஸ்மத் பசை மட்டும். சோதனை அறிக்கை இல்லாதபோது நான்கு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால் பீய்ச்சி, அதே அளவு சோதனைத் திரவம் ஊற்றி, தட்டைச் சுழற்றிப் பார்ப்போம். நல்ல பால் தண்ணீராகவே ஓடும். செல் அதிகம் உள்ள குழியில் பால் கெட்டிப்பட்டு, தட்டைச் சாய்த்தால் கொழகொழவென்று ஒரே திரளாக நகரும். கண் முன்னால் தெரியும்போது வேலையாட்களுக்கும் நம்பிக்கை வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆன்டிபயாடிக் இல்லாமல் பசை மட்டும் ஏற்றும்போது காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் பஞ்சில் அழுக்கு வராதவரை துடைக்க வேண்டும். அவசரமாகச் செய்தால் கிருமியை நாமே உள்ளே தள்ளி அடைத்த கதையாகும், மாடு செத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. சரியாகத் துடைக்க நேரமும் ஆளும் இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கறவைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மருந்துப் பாலுக்குத் தனி வாளி வைத்துவிட்டேன். அடுத்தது சாணம். நான் எருவாகப் போடும் நிலத்தில் பச்சையாகத் தின்னும் காய்களும் விளைகின்றன. அதில் ஏதாவது செய்ய வேண்டுமா? ஒதுக்கிய பாலை எங்கே ஊற்றுவது?

ஆய்வகத்_தோழி

செய்ய வேண்டும். ஒரு பெரிய கறவை மாடு நாளுக்கு 30 கிலோவுக்கு மேல்கூடச் சாணம் போடும், அதனால் அளவில் பெரிய வழி இதுதான். பச்சைச் சாணத்தை நேராகப் போடாதீர்கள். குவியல் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறி, மொத்தம் 15 நாளாவது அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் சூடேறாது, அதனால் பலமுறை புரட்டிப் போட்டு ஒவ்வொரு பகுதியும் உள்ளே போய் வரச் செய்யுங்கள். கம்பி வெப்பமானி ஒன்று செருகிப் பார்த்தால் ஊகம் வேண்டியதில்லை. ஈ.கோலியும் சால்மோனெல்லாவும் பெருமளவு ஒழியும். எதிர்ப்பு மரபணுக்கள் குறையும், முழுதாகப் போகாது. மழைத் தண்ணீர் குவியலில் பட்டுக் கிணற்றுக்கோ ஓடைக்கோ வடியாமல் வரப்பு கட்டிக்கொள்ளுங்கள். மருந்துப் பாலை ஓடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இந்தக் குவியலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். பல மருந்துகள் மட்கும்போது ஓரளவு சிதையும்.

கால்நடை_டாக்டர்

ஒதுக்கும் பாலின் அளவே குறைய வேண்டும் என்றால் அடுத்த முறை மடிநோய் வரும்போது மருந்துக்கு முன்னால் மாதிரி எடுங்கள். காம்பைத் துடைத்து, முதல் பீய்ச்சலை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்துக் குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பால் மட்டும் திரிந்து மாடு நன்றாகத் தின்கிறது என்றால் ஒரு நாள் காத்திருப்பதால் மாட்டுக்குக் கேடு இல்லை. இப்படி லேசாக வருபவற்றில் கணிசமானவற்றில் கிருமியே வளராது. ஈ.கோலி வளர்ந்தாலும் பெரும்பாலும் மாடே சமாளித்துக்கொள்ளும். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவையே படாது. மாட்டுக்குக் காய்ச்சல், தீவனம் எடுக்கவில்லை, பால் தண்ணீராக வருகிறது என்றால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.

ஒரு நோட்டும் போடுங்கள்: எந்த மாடு, எந்தக் காம்பு, என்ன மருந்து, எத்தனை நாள், ஏன், குணமானதா. மூன்று மாதம் கழித்து அதை இங்கே பதியுங்கள், எந்த மருந்தைக் குறைக்க முடியும் என்று உட்கார்ந்து பார்ப்போம்.